பொழுதும் கேட்கும் செவியும்

சென்னை புத்தகக் காட்சிக்கு எந்த ஆண்டு போனாலும் சுயமுன்னேற்ற நூல்களுக்கு முன்னால் இளைஞர் கூட்டம் நிற்பதைப் பார்க்கலாம். உனக்குள் இருப்பதைக் கண்டுபிடி, பிடித்ததைச் செய், உன் வாழ்க்கையை நீயே செதுக்கு என்று அந்த நூல்கள் வெவ்வேறு குரலில் ஒன்றையே சொல்கின்றன. படைப்பூக்கத்தோடும், தனக்கு உண்மையாகவும், பொருளோடும் வாழ்வது எப்படி என்பது மனிதர் கேட்கும் கேள்விகளில் தலையாயது. ஆனால் பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றை விசாரிக்காமலே நம்பிவிடுகிறார்கள்: கேட்பவரின் பொழுது கேட்பவரின் கையில் இருக்கிறது என்று. பொழுது கையில் இல்லாதவர்கள் நடுவே இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால்தான் எந்தப் பதில் நிற்கும், எது நிற்காது என்று தெரியும். அதற்கு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தப் பகுதியின் ஆலைக் கதை முப்பது வருடத்துக்குள் அடங்கிவிடும். 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998-இல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2000-இல் செயின்ட் கோபைன் கண்ணாடி, 2006-இல் நோக்கியா, அடுத்த ஆண்டு சாம்சங், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் பாரத்பென்ஸ் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் கோக்கும் ஃபாக்ஸ்கான். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த மாத்தூர், வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம் எல்லாம் இன்று அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் பலகைகளில் வாசிக்கக் கிடைக்கும் பெயர்கள். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் ஐ.டி.ஐ., டிப்ளமோ, பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வந்தார்கள். பின்னால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். மனிதன் தான் யார் என்று தேடுகிற வயது அது.

அந்த வயதுக்கு இங்கே கிடைக்கும் நாள் எப்படிப்பட்டது? ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட். கம்பெனி பஸ்ஸுக்கு முன்னும் பின்னுமாக ஒரு மணி, ஒன்றரை மணி. ரூமில் ஒருவன் தூங்கும் நேரம் இன்னொருவன் எழுந்து கிளம்பும் நேரம். ஓவர்டைம் பார்த்தால்தான் ஊருக்கு அனுப்பும் பணம் கொஞ்சம் தேறும். வேலை நேரம் நீளமானது என்பதைவிட அது சுழல்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய இடராகத் தெரிகிறது. இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு. பறை கற்பது, ஓவிய வகுப்பு, வாசகர் வட்டம், கிரிக்கெட் அணி, மாலைக் கல்லூரி என்று மனிதர் தம்மை வளர்த்துக்கொள்ளும் எந்த ஏற்பாடும் ஒரே கிழமை, ஒரே நேரம் என்ற ஒழுங்கில்தான் ஓடுகிறது. சுழலும் ஷிப்ட்காரர் முதல் வாரம் போவார், இரண்டாம் வாரம் தவறுவார், மூன்றாம் வாரம் கூச்சப்பட்டு நின்றுவிடுவார். ஆர்வம் போதாததால் நின்றார் என்று பிறகு நாம் சொல்கிறோம்.

கேள்விக்குத் தரப்பட்டிருக்கும் பதில்களில் மிகப் பழையது, வெளியே எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனம் போதும் என்பது. இந்தப் பதிலின் தமிழ் வடிவம் இந்த வட்டாரத்திலேயே பிறந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே இருக்கிறது திருநின்றவூர். அங்கே வாழ்ந்த பூசலாருக்குச் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. தேடித் திரிந்தும் பொருள் கிடைக்காததால் மனதுக்குள்ளேயே கல் சேர்த்து, தச்சரை அமர்த்தி, நல்ல நாள் பார்த்துக் கடைக்கால் போட்டு, இரவிலும் கண்துஞ்சாமல் கட்டினார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் உண்மையிலேயே கற்றளி எழுப்பியிருந்தான். அது ராஜசிம்மனின் கைலாசநாதர் கோயில் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. குடமுழுக்குக்கு முந்தைய நாள் இறைவன் மன்னன் கனவில் வந்து, நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்றாராம். இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழாரும் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். சோழ அரசில் அமைச்சராக இருந்தவர்.

எனக்கு மிகப் பிடித்த கதை இது. ஏழையின் உள்ளே நடக்கும் வேலையை அரசனின் கல் வேலைக்கு மேலாக நிறுத்துகிற துணிச்சல் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இருபதாம் நூற்றாண்டில் விக்டர் ஃபிராங்கல் நாஜி முகாம்களிலிருந்து மீண்டு 1946-இல் எழுதிய நூலும் ஏறக்குறைய இதையே சொன்னது: எல்லாம் பறிக்கப்பட்ட பின்னும், நேர்ந்ததை எப்படி எதிர்கொள்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை மனிதனிடம் மிஞ்சுகிறது. ஆனால் கம்பெனிகளில் நடக்கும் ஊக்கமூட்டும் வகுப்புகளில் இந்த உண்மை வேறொன்றாகத் திரிந்துவிடுகிறது. மனம் போதும் என்பது, மனம் போதுமே, வேறென்ன வேண்டும் என்று ஆகிவிடுகிறது. முகாம்களை அப்படியே விட்டுவிடலாம் என்று ஃபிராங்கல் சொல்லவில்லை. பூசலார் விஷயத்திலும் நாம் கவனிக்காமல் போகும் ஒன்று உண்டு. அவருக்குக் காசில்லை, ஆனால் நினைத்த பொழுது உட்கார இடமும், உட்கார்ந்த பின் எழுப்பாத தனிமையும் இருந்தன. ஷிப்ட் முடிந்து நாலு பேர் ரூமுக்குத் திரும்புகிற பிள்ளைக்கு அந்த இரண்டும் கிடையாது.

இரண்டாவது பதில், வேலையிலேயே நிறைவைக் காணலாம் என்பது. இதை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது. ஒன்றில் ஆழ்ந்து தன்னை மறக்கும் நிலையைப் பற்றி மிஹாய் சிக்சென்ட்மிஹாய் 1990-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் ரிக்கோ என்றொரு அசெம்பிளி லைன் தொழிலாளி வருகிறார். அவர் வேலைக்கு ஒதுக்கப்பட்டது 43 விநாடி. அதையே நாளெல்லாம் நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். விளையாட்டு வீரன் பயிற்சி எடுப்பதுபோல அவர் தன் கருவிகளையும் அசைவுகளையும் திருத்தித் திருத்தி, நாள் முழுவதற்குமான சராசரியை 28 விநாடிக்குக் கொண்டுவந்தார். வேலை அவருக்கு இன்பமாக இருந்தது. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதே நூலிலுள்ள அடுத்த செய்தியை விட்டுவிடுகிறார்கள். ரிக்கோ மாலையில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தார், அந்த லைனை விட்டு இன்னும் கடினமான வேலைக்குப் போவதற்காக. லைன் தந்த இன்பத்துக்கு ஓர் எல்லை உண்டென்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லைக்கு அப்பால் போக அவருக்கு நிலையான ஒரு மாலை வாய்த்திருந்தது.

நம் ஆலைகளிலும் ரிக்கோக்கள் நிறைய. கைசன் (தொடர் மேம்பாடு), சஜஷன் என்ற பெயர்களில் ஆபரேட்டர்கள் சொல்லும் யோசனைகளைப் பார்த்தால் தெரியும். திருப்பி மாட்டவே முடியாதபடி ஒரு ஃபிக்சர், குனியாமல் எடுக்க வசதியாக டிரேயின் உயரத்தில் ஒரு மாற்றம், ஒரு ஸ்க்ரூவை மிச்சப்படுத்தும் உபாயம். இவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரு சிற்பியின் கண். இந்தப் பிள்ளைகளிடம் படைப்பாற்றல் இல்லை, அதை ஊட்ட வேண்டும் என்று பேசுகிறவர்கள் லைனில் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். குறை வேறிடத்தில் இருக்கிறது. தான் மாற்றியமைத்தது ஆறு மாதம் கழித்து என்னவாயிற்று என்று பார்க்கக் காண்ட்ராக்ட் தொழிலாளியோ ட்ரெய்னியோ அங்கே இருப்பதில்லை. தொடர்ச்சி அறுந்த இடத்தில் திறமை தங்குகிறது, பெருமை தங்குவதில்லை.

வேலையின் அமைப்பையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்வீடனில் வால்வோ 1974-இல் கால்மாரில் கன்வேயர் ஓட்டத்தைக் கலைத்துக் குழுக்களிடம் வேலையைக் கொடுத்தது. 1989-இல் உத்தேவல்லாவில் இன்னும் துணிந்து, சிறு குழுவே முழுக்காரையும் கட்டி முடிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. சந்தை சரிந்தபோது 1993-இல் உத்தேவல்லாவையும் 1994-இல் கால்மாரையும் அதே நிறுவனம் மூடியது. அந்தச் சோதனை தோற்றதா, தோற்கடிக்கப்பட்டதா என்று தொழிலியல் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

இயந்திரத்தை விட்டுக் கைவினைக்குத் திரும்பினால் பொருள் கிடைக்கும் என்போருக்குக் காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் ஓட, மூன்று நாடாவைக் கொண்டு இரண்டையும் கோத்து நெய்யும் கோர்வை உலகத்தின் அரிய கைத்திறன்களில் ஒன்று. 2005-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் தறியை விட்டுக் கம்பெனி பஸ் ஏறினார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. தறியிலோ சேலைக்கு இவ்வளவு என்ற கூலி, முதலாளியிடம் வாங்கிய முன்பணக் கடன், குழியில் கால் வைத்தே தேய்ந்த முழங்கால். டிசைனும் பெரும்பாலும் நெய்பவர் தேர்ந்ததல்ல. வரைபடமாக வந்து சேர்வது. நெசவை விட்டுப்போன பிள்ளைகளைப் பார்த்து மரபை இழந்தார்கள் என்று வருந்துவோர், அந்த மரபு அவர்களுடைய அப்பாவுக்கு என்ன கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு உறுதியில்லாத அழகை இளைஞர் கைவிட்டால், அவர்கள் அழகை அறியாதவர்கள் என்று அர்த்தமாகாது.

ஆலை வேலை மனதை என்ன செய்கிறது என்பதை உள்ளே நின்று எழுதியவர்களில் சிமோன் வெய்லுக்கு இணை சொல்வது கடினம். தத்துவ ஆசிரியையாக இருந்த அவர் விடுப்பு எடுத்து 1934 டிசம்பரில் பாரிஸில் ஓர் ஆலையில் சேர்ந்தார். 1935 கோடையில் ரெனோ ஆலையில் மில்லிங் இயந்திரத்தில் நின்றார். ஒரகடத்தில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் அதே ரெனோதான். அவர் நாட்குறிப்பைப் படிக்கும்போது என்னை உலுக்கியது அவர் சொன்ன களைப்பு இல்லை. வேகமும் கட்டளையும் சேர்ந்து சிந்திப்பதையே நிறுத்திவிடுகின்றன, சிந்திக்காமலிருப்பதுதான் வலியிலிருந்து தப்பும் ஒரே வழியாகிவிடுகிறது என்று அவர் கண்டார். ஞாயிற்றுக்கிழமைதான் எண்ணங்கள் மெல்லத் திரும்பி வருமாம். படித்த, தானே விரும்பி வந்த, எப்போது வேண்டுமானாலும் வெளியேறக்கூடிய ஒருவருக்கே இப்படி என்றால், வேலை முடிந்து போனை மட்டும் பார்த்தபடி படுத்துக்கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

என்றாலும் அந்தக் களைப்பைக் கிழித்துக்கொண்டு எழுந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அதுதான் மூன்றாவது பதில்: வேலை தராததை இரவு தரும். 1830, 40-களின் பாரிஸ் தொழிலாளர்கள் தூக்கத்தைத் திருடிக் கவிதை எழுதியதையும் பத்திரிகை நடத்தியதையும் ஆவணங்களிலிருந்து தோண்டியெடுத்து ஜாக் ரான்சியேர் 1981-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அதில் வரும் காப்ரியேல் கோனி மரத்தளம் போடும் தச்சர். பணக்காரர் வீட்டில் தளம் போடும்போது கையை நிறுத்திச் சன்னலுக்கு வெளியே பார்க்கிறார். அந்த நேரத்துக்கு அந்தக் காட்சி வீட்டுக்காரரைவிட அவருக்கே அதிகம் சொந்தமாகிவிடுகிறது. தொழிலாளிக்குக் கூலிதான் பிரச்சினை, மற்றதெல்லாம் அடுத்த வேலை என்ற எண்ணத்தை ரான்சியேர் உடைத்தார். அழகைப் பார்க்கும் உரிமையையும் அவர்கள் கூலியோடு சேர்த்தே கேட்டிருக்கிறார்கள்.

நம் காலத்துக்கு வந்தால் சீனா. தோங்குவானில் உலோகச் சாமான் ஆலையில் வேலை பார்த்த செங் சியாவ்சியோங் 2007-இல் தேசிய அளவிலான இலக்கியப் பரிசு பெற்றார். ஆலைப் பெண்களின் வாழ்க்கையைப் பேர் சொல்லி எழுதிய கவிதைகள் அவருடையவை. ஷென்சென் ஃபாக்ஸ்கானில் வேலை செய்த ஷூ லிஷியின் கதையை எழுதவே கை தயங்குகிறது. கம்பெனிப் பத்திரிகையிலேயே அவர் கவிதைகள் வந்தன. புத்தகங்களுக்கு நடுவே இருக்கும் வேலை வேண்டுமென்று கம்பெனியின் நூலகத்துக்கும் ஊரிலிருந்த பெரிய புத்தகக் கடைக்கும் முயன்றார், கிடைக்கவில்லை. 2014 செப்டம்பர் 30 அன்று, 24 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். அவரிடம் ஊக்கம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. பொங்கி வந்த ஊக்கத்துக்குப் போக இடமில்லாமல் இருந்தது. மரணத்துக்குப் பிறகு உலகமே அவரை வாசித்தது.

அதே 2014-இல் சிங்கப்பூரில் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி தொடங்கியது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்த வங்காளிகளும் தமிழர்களும் மேடையேறிப் படித்தார்கள். விடுமுறை நாளில் ஒரு மேடையும், எதிரே உட்கார்ந்து கேட்பவர்களும் கிடைத்ததும் கவிதைகள் வந்து குவிந்தன. அவை அதற்கு முன்பும் அந்த மனிதர்களுக்குள் இருந்தவையே.

தமிழில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்களுக்குக் குறைவில்லை. மளிகைக் கடை வைத்திருந்த மேலாண்மை பொன்னுச்சாமி 2007-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’ பின்னர் ‘விசாரணை’ என்ற படமானது. ஆனால் பட்டியலை நீட்டினால் ஒன்று தெரிகிறது. வங்கி, தபால், தொலைபேசி, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் என்று மாலை ஐந்தரைக்கு முடிகிற வேலைகளிலிருந்தே நம் எழுத்தாளர்களில் மிகப் பலர் வந்திருக்கிறார்கள். கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும்கூட இடையிடையே தன் நேரம் என்று ஒன்று உண்டு. கைத்தறிக்கு ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, தோல் பதனிடும் கிடங்குக்கு டி. செல்வராஜின் ‘தோல்’ என்று நாவல்கள் இருக்கின்றன. அசெம்பிளி லைனின் உள்ளிருந்து எழும் பெரிய தமிழ் நாவலுக்கு நான் காத்திருக்கிறேன். அதை எழுத வேண்டியவர் இந்நேரம் வல்லத்திலோ மாத்தூரிலோ பி ஷிப்ட் முடித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கலாம்.

எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் கடைசியில் தடை செய்யப்படும் வரை டிக்டாக்கில் ஆலைத் தொழிலாளர்களும் ஆடினார்கள், நடித்தார்கள், பாடினார்கள். இன்று அது ரீல்ஸ். படித்தவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது, முப்பது விநாடிதான் மிச்சமிருக்கிறது என்றால் முப்பது விநாடியிலும் தன் முகத்தைத் தன் விருப்பப்படி காட்டிவிடும் பிடிவாதம். ஒரு குறை உண்டு: விரலால் தள்ளிவிட்டுப் போகிறவர் கேட்பவர் ஆகமாட்டார். நீ செய்ததில் இந்த இடம் நன்றாக இருந்தது, இந்த இடம் சரியாக வரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆள் இல்லாமல் எந்தக் கலையும் அடுத்த படிக்கு ஏறாது.

நான்காவது பதிலை வாழ்க்கைக் கலை நூல்கள் தொடுவதே இல்லை. மனிதர் தமக்கு உண்மையாக வாழ்வதைத் தனியே உட்கார்ந்து கண்டுபிடிப்பதில்லை. பலரோடு சேர்ந்து வாய்திறக்கும்போது கண்டுபிடிக்கிறார்கள் என்பது அந்தப் பதில். இதற்கான தமிழ்ச் சான்று பெரம்பூரில் இருக்கிறது. நாட்டின் முதல் நவீனத் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-இல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு பிறந்தது. அது முளைத்த இடம் ஒரு பஜனை, சொற்பொழிவுச் சபை. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய அந்தச் சபைக்கு பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் வேலை முடிந்து பக்திச் சொற்பொழிவு கேட்க வருவார்கள். கேட்க வந்தவர்கள் மெல்லத் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மதிய உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அந்தக் கஷ்டங்களில் ஒன்று. சங்கத்தோடு தொடக்கத்திலிருந்தே நின்ற திரு.வி.க. பெரியபுராணத்துக்குக் குறிப்புரை எழுதிப் பதிப்பித்தவர். பூசலார் கதைக்கு உரை கண்ட அதே கை ஆலைத் தொழிலாளரின் உணவு இடைவேளைக்காகவும் எழுதியது. இரண்டும் அவருக்கு வேறு வேறு வேலையாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இந்தப் பகுதியில் அப்படி வாய்திறந்த சமயங்கள் உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் மற்றவர்கள் இரவோடிரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டிலிருந்து முதல் முறையாக வெளியே வந்த, இருபது வயதைத் தாண்டாத பெண்கள் அவர்களில் பலர். 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாள் நடந்த சாம்சங் வேலைநிறுத்தத்தில் சம்பளம், வேலை நேரம் என்ற கோரிக்கைகளோடு சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதே மையமாக நின்றது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக் கூடாது என்பது நிர்வாகத்தின் வாதம். பதினைந்து ஆண்டுக்கும் மேலாக வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் செய்து, அந்தப் பெயரை நாடெங்கும் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், அதே பெயரைத் தம் சங்கத்துக்கும் கேட்டார்கள். 2025 ஜனவரியில் அந்தப் பெயரோடேயே சங்கம் பதிவானது. இப்படிச் சேர்ந்து வாய்திறப்பதை வெய்லும் பார்த்திருக்கிறார். 1936 ஜூனில் பிரெஞ்சு ஆலைகளில் தொழிலாளர்கள் உள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தபோது போய்ப் பார்த்தவர், கோரிக்கைகளுக்கு அப்பால் அங்கே நிலவிய மகிழ்ச்சியைப் பற்றியே அதிகம் எழுதினார். இத்தனை நாள் தாங்கள் தலைகுனிந்து நின்ற இயந்திரங்களுக்கு நடுவே நிமிர்ந்து நடக்க முடிவதே அவர்களுக்குப் பாட்டும் சிரிப்புமாக இருந்ததாம்.

போராட்டமே வாழ்க்கைக்குப் பொருள் தந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. போராட்டப் பந்தல் பிரித்த மறுநாள் லைன் அதே லைன்தான். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, உச்சத்தில் எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை பார்த்த இடத்தில், கம்பெனி ஐ.டி. கார்டையே அடையாளமாகக் கொண்டிருந்த இளம்பெண்கள் ஊர் திரும்பினார்கள். வேலையையோ, சங்கத்தையோ, எந்த ஒன்றையோ மட்டும் நம்பிக் கட்டிய வாழ்க்கை அது போகும்போது கூடவே போய்விடுகிறது. வேறு வேர்களும் வேண்டும்.

அப்படி ஒரு வேர் இந்த மண்ணிலேயே இருக்கிறது. காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரங்கள் கூத்தின் தாய்நிலம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடத்தி, படுகளத்தில் மண்ணால் துரியோதனனைச் செய்து வீழ்த்துவது வரை நாள் கணக்கில் நடக்கும். காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 1990-இல் நிறுவிய கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் ஒரு குருகுலத்தைத் தொடங்கியது. பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்ந்தே கற்பித்தார்கள். ஆண்களின் கலையாக இருந்ததில் பெண் பிள்ளைகளுக்கும் அடவு கட்டிவிட்டார்கள். 2020-இல் குருகுலம் நின்றது. பதினெட்டு ஆண்டுகளில் அது காட்டிய உண்மை என்னவென்றால், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒழுங்கான நேரமும், ஒரு வாத்தியாரும், பார்க்க உட்காரும் ஊரும் கிடைத்தால் கலை தானாகவே குடியேறும் என்பது. ஆனால் கூத்தாடியும் ஆலைத் தொழிலாளியும் ஒரே இரவுக்காகப் போட்டியிடுகிறார்கள். சி ஷிப்ட்டில் இருப்பவரால் ஊர்க் கூத்தில் வேஷம் கட்ட முடியாது. லீவு கேட்டுத் திருவிழாவுக்குப் போகும் பிள்ளையின் பெயர் சூப்பர்வைசரின் நோட்டில் ஏறுகிறது.

ஆக, பதில்கள் ஒவ்வொன்றையும் இந்தப் பகுதியில் வைத்துப் பார்த்தபின் எனக்குத் தெரிவது இது. ஊக்கத்துக்குப் பஞ்சம் இல்லை. கைசன் தாளிலும் ரீல்ஸிலும் பந்தலிலும் கூத்துக் களத்திலும் அது முட்டிக்கொண்டுதான் நிற்கிறது. இல்லாதவை உறுதியான பொழுதும் கேட்கும் செவியும். உன்னை நீ கண்டுபிடி என்று ஒருவருக்குச் சொல்வதற்கு முன் அவருக்கு அந்த இரண்டையும் உறுதி செய்வது நம் கடமை. இதற்கு அரசியல் உண்டு. நாளை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு வேலைக்கு, ஒரு பங்கு ஓய்வுக்கு, ஒரு பங்கு தன் விருப்பத்துக்கு என்று ராபர்ட் ஓவன் சொல்லி இருநூறு வருடம் ஆகிறது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்து, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் பத்து நாட்களில் காப்பாற்றப்பட்டவற்றில் எழுதப்படாத கவிதைகளும் உண்டு என்றே நான் நம்புகிறேன்.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் ரூ.706.50 கோடியில் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. 13 கட்டடங்கள், 18,720 பேர் தங்கலாம், அறைக்கு ஆறு பேர். நெருக்கடியான ரூம்களிலும் பழைய விடுதிகளிலும் அடைந்து கிடந்த பெண்களுக்கு அது பெரிய விடிவு. குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு மேல் கேட்பதற்கும் அதுவே வழி திறக்கிறது. இத்தனை ஆயிரம் இளம்பெண்கள் ஒரே வளாகத்தில் தங்கும் இடம் தமிழ்நாட்டின் மிகப் பெரிய கலைக்கூடமாகவும் இருக்கலாம். அறைக்கு ஆறு பேர் என்றால், ஒருத்தி தனியாக உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதவோ, ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்க்கவோ, யாரும் எழுப்பாத ஒரு மூலை தளத்துக்குத் தளம் வேண்டும். வகுப்போ ஒத்திகையோ எதுவானாலும் ஒரே பாடம் மூன்று ஷிப்ட்டுக்கும் மூன்று முறை நடக்க வேண்டும். அப்போதுதான் சுழலும் வாரம் யாரையும் அறுத்துவிடாது.

பொது நூலகச் சட்டத்தை 1948-லேயே இயற்றி நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. ஆனால் கிளை நூலகம் திறந்திருக்கும் நேரம் பள்ளிக்கூடத்தையும் அலுவலகத்தையும் மனதில் வைத்து வகுத்தது. பி ஷிப்ட் முடித்து வருபவருக்கு அது பூட்டிய கதவுதான். சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் மூன்றிலும் தலா ஒரு நூலகமாவது நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கட்டும். தமிழோடு ஒடியாவும் இந்தியும் வங்காளமும் அலமாரியில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை அங்கேயே தொழிலாளர்கள் தாங்கள் எழுதியதைப் படிக்க, கேட்க ஆள் கூடட்டும். 1931 அக்டோபரில் மன்னார்குடி வட்டாரத்தில் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் முன்னிலையில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். வாசகர் வர முடியாத இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும் என்பது அவர்களுக்குச் சாதாரண நியாயமாகப் பட்டது. இன்று இந்தச் சாலையில் நூற்றுக்கணக்கான கம்பெனி பஸ்கள் தினமும் மூன்று வேளை ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு புத்தகத் தட்டு அடிக்க எந்தக் கம்பெனிக்கும் பெரிய செலவு ஆகாது. ஷிப்ட் அட்டவணையை ஒரு மாதம் முன்னதாகவே ஒட்டிவிடுவதற்குச் செலவே கிடையாது.